மூணு மணிப் புயல்

தம்பி, அது புயல் படமா? கொஞ்சம் இப்படிக் காட்டுங்க. கண்ணாடி பைக்குள்ள இருக்கு, பரவாயில்ல, இந்த மட்டும் தெரியுது. கிழிஞ்ச வாழையிலை மாதிரி அங்க ஒண்ணு இங்க ஒண்ணா மேகம். இதைப் பாத்துட்டுத்தானே இப்ப போன்ல யாருகிட்டயோ, புயல் கலைஞ்சுபோச்சு, கிளம்பி வாங்கன்னு சொன்னீங்க? நான் ஒட்டுக் கேக்கல. பஸ்ல பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கேன், காதைக் கழட்டியா வைக்க முடியும்?

மணி மூணுதானே? மூணு மணிக்கு எல்லாப் புயலும் நல்ல புள்ளைதான் தம்பி. இதே படத்தை விடியக்காலத்துல எடுத்துப் பாருங்க, தெரியும். அவங்க எந்த ஊருலேர்ந்து வரணும்? கடலூரா? போச்சு போங்க. இந்தப் புயலே அந்தப் பக்கம்தான் போகுது. முதல்ல போன் போட்டு, இன்னிக்கு வேண்டாம், இருக்கிற இடத்துலயே இருங்கன்னு சொல்லுங்க. நான் மன்னார்குடி வரைக்கும் வர்றேன். நீங்க பேசி முடிங்க, அப்புறம் சொல்றேன்.

சொல்லிட்டீங்களா? நல்லது. இதெல்லாம் இந்தக் கிழவிக்கு எப்படித் தெரியும்னுதானே பாக்குறீங்க. என் பொண்ணு பூனாவுல புயல் படிச்சவ. டாக்டர் பட்டம் வாங்கி அங்கயே ஆராய்ச்சி வேலை. ஊசி போடற டாக்டர் இல்ல. பட்டம் வாங்கின புதுசுல எங்க ஊரு ஆயக்காரன்புலத்துல நாலு பேர் மூட்டுவலிக்கு மாத்திரை கேட்டு வந்துட்டாங்க. பேரு சுபாஷிணி. புயல் எங்க போகும், எப்ப வரும்னு படிக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்களாம். இவ படிக்கிறது அது இல்ல. புயல் பகல்ல எப்படி இருக்கு, ராத்திரி எப்படி இருக்கு, அது மட்டும். இதுக்கு ஒரு ஆபீஸ், அதுல ஒரு நாற்காலி, மாசாமாசம் சம்பளம்.

தினம் போன் பண்ணுவா. சாப்ட்டியாடின்னு கேட்டா புயலைப் பத்திச் சொல்லுவா. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. பகல்ல வெயில் மேகத்தோட உச்சந்தலையைச் சுடுதாம். தலை சூடான மேகத்துக்கு மேல எழும்ப மனசு வராதாம். பொழுது சாஞ்சா தலை குளிரும். குளிரக் குளிர மேகம் கெட்டிப்பட்டு உசர உசரப் போயி, விடியக்காலத்துல கொட்டித் தீர்க்கும். பொழுது ஏற ஏற அது வளையமா நடுவுலேர்ந்து வெளியே ஓடி, மத்தியானத்துக்கு மேல ஓரத்துக்குப் போயிடும். அப்ப பாக்குறவங்களுக்கு நடுவுல மேகம் மெலிஞ்சு, புயல் செத்துப்போன மாதிரி இருக்கும். ராத்திரி மறுபடியும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். நம்ம குடும்பத்துல சில பேர் இருக்காங்க இல்ல, பகல்ல பசு, பொழுது போனா வேற ஆளு. அதேதான்.

இன்னொண்ணும் சொல்லுவா. இது மேகத்தோட கணக்கும்மா, காத்தோட கணக்கு இல்ல, மேகம் மெலிஞ்சா காத்து குறைஞ்சதா அர்த்தம் கிடையாது, எல்லாப் புயலும் சொன்னபடி நடக்காது, மத்தியானப் படத்தைப் பாத்துட்டு யாரையும் ரோட்டுக்கு அனுப்பிடாதேம்பா. அந்தப் பாதி எனக்கு அப்ப அவ்வளவு முக்கியமாப் படல.

எனக்கு முக்கியம் அவ கல்யாணம். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துட்டாரு. ஒத்தப் பொண்ணு. வயசு முப்பதை எட்டிப் பிடிச்சுடுச்சு. பொண்ணு பாக்க வந்தவங்க எல்லாரும் நல்லாத்தான் வந்தாங்க. நல்லாத்தான் உக்காந்தாங்க. பொண்ணு என்ன பண்றான்னு கேப்பாங்க. அவ புயலை ஆராய்ச்சி பண்றேம்பா. அப்படியான்னுட்டு ஃபேனைப் பாப்பாங்க. போய்ப் பேசிட்டுச் சொல்றோம்னு எழுந்துப்பாங்க. போனவங்க போனவங்கதான். ஒரு வீட்டுலேர்ந்தும் இல்லன்னு கூடச் சொல்லல. இல்லன்னு சொன்னாலாவது அழுது தொலைச்சுட்டு அடுத்த வேலையைப் பாக்கலாம். போய்ச் சொல்றோம்கிற அந்தப் பேச்சைக் கேட்டா இன்னிக்கும் எனக்கு வயிறு எரியும்.

அப்பதான் மன்னார்குடி சம்பந்தம் வந்துச்சு. பையன் பேரு மதிவாணன். வீட்டுல உக்காந்தபடியே கம்ப்யூட்டர் வேலை. அப்பா இல்ல. அம்மா சௌந்தரவல்லி, அவங்க வெச்சதுதான் அந்த வீட்டுல சட்டம். எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. எதுன்னு கேளுங்க. மன்னார்குடி. நெனைச்சா பஸ் ஏறிப் பாத்துட்டுப் பொழுதுக்குள்ள வீடு திரும்பிடலாம். பூனாவுக்கு நான் எந்த ஜென்மத்துல போறது. ராத்திரி ஒரு தலைவலின்னா எனக்குத் தைலம் தேச்சுவிட யாரு இருக்கா. அவ பக்கத்துல இருக்கணும் தம்பி, எனக்கு வேற ஆசை எதுவும் இல்ல.

அந்தம்மா போன்ல ஒரு வார்த்தை போட்டாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு வேலையை விட்டுட்டு வீட்டோட இருக்கணும்னு. தாராளமான்னு சொல்லிட்டேன். சுபாகிட்ட கேக்கலையான்னு பாக்குறீங்களா? எதுக்குக் கேக்கணும்? கல்யாணம் ஆனா தானாத் தெரிஞ்சுடப்போகுது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். உங்க பக்கம் எப்படியோ, எங்க பக்கம் பொண்ணு பாக்க வந்தா காபி குடிக்கலாம், பஜ்ஜி சாப்பிடலாம், கேசரி சாப்பிடலாம். சோத்துல மட்டும் கை வைக்கக் கூடாது. சோத்துல கை நனைச்சா சம்மதம்னு அர்த்தம். நனைச்சுட்டு மாட்டேன்னு சொன்னவங்களை எங்க ஊர்ல மனுஷராவே மதிக்க மாட்டாங்க. அதனால வர்றவங்க எல்லாம் ஜாக்கிரதையா பஜ்ஜியோட எழுந்திரிச்சு ஓடிடுவாங்க. ஓடவிட்டாத்தானே ஓடுவாங்கன்னு எனக்கு ஒரு யோசனை.

அவங்க வர்றதா இருந்தது ஞாயித்துக்கிழமை. சுபா லீவு போட்டு வந்திருந்தா. அந்த வாரம் பாத்துக் கடல்ல ஒரு புயல். என்னமோ பேரு வெச்சாங்க, வாயில நுழையல. சனிக்கிழமை மத்தியானம் சௌந்தரவல்லியம்மா போன் பண்ணி, புயலா இருக்கே, இன்னொரு நாள் வெச்சுக்கலாமேன்னாங்க. சுபா குளிச்சுக்கிட்டிருந்தா. நான் டிவியைப் பாத்தேன். மேகம் கந்தலா கிடக்குது. கடியாரத்தைப் பாத்தேன். பளிச்சுன்னு எல்லாம் கூடி வந்துச்சு. இப்ப கிளம்பினா பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவாங்க. பொழுது சாஞ்சா புயல் எழும்பும். விடியக்காலம் வெளியே கால் வைக்க முடியாது. மறுநாளும் என் வீட்டுலதான் கிடக்கணும். எவ்வளவு நேரம் சோறு இல்லாமக் கிடப்பாங்க?

நான் ரொம்பப் பாசமாச் சொன்னேன். டிவியைப் பாருங்கம்மா, புயல் கலைஞ்சுடுச்சு, எம் பொண்ணே புயல் படிச்சவ, அவ வீட்டுல இருக்கும்போது உங்களுக்கு என்ன பயம், நாளைக்கு எதுக்கு, இன்னிக்கே நாள் நல்லா இருக்கு, வந்து பாத்துட்டு ராத்திரிக்குள்ள போயிடுங்கன்னு. ஒரு வார்த்தை பொய் இருக்கா அதுல? மேகம் கலைஞ்சுதானே இருந்துச்சு? எம் பொண்ணு புயல் படிச்சவதானே?

வந்தாங்க. ஒரு வேன்ல அந்தம்மா, மாப்பிள்ளை, அந்தம்மாவோட தம்பி வைத்திலிங்கம். அவருதான் தாய்மாமன். பையனுக்கு அப்பா இல்லாததால பெரிய மனுஷன் ஸ்தானத்துல வந்தாரு. சர்க்கரைக்காரரு. அதை நான் முன்னாடியே விசாரிச்சு வெச்சிருந்தேன். கேசரி ஆகாது. வேளாவேளைக்குச் சாப்பிட்டுத்தான் மாத்திரை போடணும். டிரைவர் இவங்களை இறக்கி விட்டுட்டு பக்கத்துத் தெருவுல சொந்தக்காரங்க வீடு இருக்குன்னு போயிட்டான்.

உள்ள தூங்கி எழுந்து வெளியே வந்த சுபாவுக்கு இவங்களைப் பாத்ததும் மூஞ்சி வெளுத்துப் போச்சு. என்னைச் சமையக்கட்டுக்கு இழுத்துக்கிட்டுப் போனா. அம்மா, வர்ற வழியில ஒரு மரம் விழுந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்னா. விழலையேடின்னேன். அவ என்னைப் பாத்த பார்வை இருக்கே. இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு எப்பப் பாரு நடக்காததைப் பத்தித்தான் கவலை.

வெளியே போயி அவளே சொல்லிட்டா, இனிமே யாரும் ரோட்டுல இறங்கக் கூடாது, ராத்திரி இங்கதான்னு. அதுக்குள்ள ஆட்டோவுல மைக் கட்டிக்கிட்டு பஞ்சாயத்துக்காரங்களும் அதையே சொல்லிட்டுப் போனாங்க. நான் ரொம்ப வருத்தப்பட்ட மாதிரி மூஞ்சியை வெச்சுக்கிட்டு இன்னும் நாலு பஜ்ஜி போட்டேன். ராத்திரி அதுவும் வாழைப்பழமும்தான் அவங்களுக்கு. சாப்பாடு போடட்டுமான்னு கேட்டேன். வேண்டாங்க, போய்ப் பேசிட்டுச் சொல்றோம்னு வைத்திலிங்கம் சொன்னாரு. போங்க, எங்க போவீங்கன்னு மனசுக்குள்ள நெனைச்சுக்கிட்டேன்.

விடியக்காலத்துல வந்துச்சு தம்பி. நான் கூப்பிட்டது வந்துச்சு. ஆனா இவ்வளவு வரும்னு நான் நெனைக்கல. கதவு தாப்பாளோட சேந்து மூச்சு விடுது. கொல்லையில தென்னை விழற சத்தம், ஒண்ணு, அடுத்து இன்னொண்ணு. மாட்டுக் கொட்டகை தகரம் பேப்பர் மாதிரி போயிடுச்சு. நல்லவேளை மாடு வித்தாச்சு. நான் பயந்துட்டேன். பூஜை ரூம்ல உக்காந்துக்கிட்டு, போதும், ஒரு நாள் தங்கினாப் போதும், நான் ஒரு வாரம் கேக்கலையேன்னு வேதாரண்யேஸ்வரரைக் கும்பிட்டேன். அவருக்குக் கேட்டிருக்காது, அந்தச் சத்தத்துல.

பொழுது விடிஞ்சப்ப கூரை இருந்துச்சு, நாங்க இருந்தோம். ரோடு இல்ல. தெரு முழுக்க மரம். கரண்டு இல்ல, போன்ல டவர் இல்ல. மழை மட்டும் விடாம. பயம் போனதும் எல்லாருக்கும் பசி வந்துச்சு. எனக்கும் வேலை வந்துச்சு.

நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வெச்சேன். கத்திரிக்காய் போட்டு, மாங்காய் போட்டு. வேற என்ன வேணும்னாலும் வெச்சிருக்கலாம்தான். ஆனா யோசிச்சுப் பாருங்க, கதவு ஜன்னல் எல்லாம் அடைச்சுக் கிடக்கு. கருவாட்டு வாசனை எங்க போகும்? கூடத்துக்குத்தான் போகும். கூடத்துல வைத்திலிங்கம் உக்காந்திருக்காரு. ஒரு தரம் எட்டிப் பாத்தேன், கண்ணை மூடிக்கிட்டு மூக்கை மட்டும் தொறந்து வெச்சிருந்தாரு. மாத்திரை போடணுமே, வெறும் வயித்துல எப்படிப் போடுவீங்கன்னு கேட்டேன். அக்கறையாத்தான் கேட்டேன். அவரு அக்காவைப் பாத்தாரு. அந்தம்மா சுவத்தைப் பாத்தாங்க.

அந்தம்மா லேசுப்பட்ட ஆளு இல்ல. பசி கண்ணுல தெரியுது, வாய் தொறக்க மாட்டேங்குறாங்க. சுபாவைத்தான் அடிக்கடி கூப்பிட்டு, ஏம்மா, எப்பம்மா விடும்னு கேட்டாங்க. அவ பொறுமையா, மத்தியானத்துக்கு மேல குறையலாம், ஆனா குறைஞ்சாலும் அதை நம்பிக் கிளம்பக் கூடாது, மரம் வெட்டி வழி பண்ற வரைக்கும் இருக்கணும்னு ஒவ்வொரு தடவையும் சொன்னா. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குஷி. நான் சொல்லிக்குடுத்து இவ பேசற மாதிரியே இருந்துச்சு.

மத்தியானம் கூடத்துல இலை போட்டேன். யாரையும் கூப்பிடல. சும்மா போட்டேன், தண்ணி தெளிச்சேன். வைத்திலிங்கம் எழுந்துட்டாரு. அக்கா, உசுருக்கு மிஞ்சி என்ன இருக்குன்னு சொல்லிக்கிட்டே இலை முன்னாடி உக்காந்துட்டாரு. நான் சோத்துக் கரண்டியை எடுத்துட்டேன். அவ்வளவுதான், முடிஞ்சுதுன்னு நெனைச்சேன்.

சுபா என் கையைப் பிடிச்சா. பிடிச்சுக்கிட்டு அந்தம்மாகிட்ட திரும்பி ரொம்ப மரியாதையாப் பேசினா.

"அத்தை, சோத்துல கை நனைச்சா சம்மதம்னு சொல்லுவாங்க. எதுக்குச் சம்மதம்னு முதல்ல பேசிட்டு நனைச்சுடலாமே. எனக்கு பூனாவுல வேலை. கல்யாணம் ஆனாலும் நான் அங்கதான் இருப்பேன். அதை விட மாட்டேன்."

எனக்குக் கரண்டி கையிலேயே நின்னுபோச்சு. அந்தம்மா என்னைப் பாத்தாங்க. உங்க அம்மா வேற மாதிரி சொன்னாங்களேன்னாங்க. சுபாவும் என்னைப் பாத்தா. நான் குழம்பைக் கிளறப் போயிட்டேன். குழம்புன்னா அப்பப்பக் கிளறணும் இல்ல.

வைத்திலிங்கம் இலையையும் பாக்குறாரு, அக்காவையும் பாக்குறாரு. அக்கா, பூனா ஒண்ணும் அவ்வளவு தூரம் இல்லக்கா, ரயில்ல ஏறிப் படுத்தா வந்துடும்னாரு. நீ சும்மா இருடான்னு அந்தம்மா அடக்கிட்டாங்க. எழுந்து நின்னு, இடுப்புல முந்தானையைச் செருகிக்கிட்டு, பட்டினி கிடந்தாலும் கிடப்போமே தவிர எங்க வீட்டு வழக்கத்தை மாத்திக்க மாட்டோம், எம் புள்ளை இன்னும் கை நனைக்கலைன்னு சொன்னாங்க.

அந்தப் பையன், அதுவரைக்கும் வாயே தொறக்காத பையன், மூலையிலேர்ந்து சொன்னான்.

"நனைச்சுட்டேம்மா."

எப்படான்னாங்க. விடியக்காலத்துலயேம்மான்னான். புயல் அடிக்கிற அடியில தூங்க முடியாம எழுந்து வந்திருக்கான். இவ டார்ச்சை வெச்சுக்கிட்டு சமையக்கட்டுல ஒழுகற எடத்துல அண்டா வெச்சுக்கிட்டிருந்திருக்கா. நேத்து சாயங்காலம் ஒண்ணும் இல்லாத மாதிரி இருந்துச்சே, இப்ப ஏன் இப்படி அடிக்குதுன்னு கேட்டிருக்கான். பொண்ணு பாக்க வந்தவங்கள்ல அவ படிப்பைப் பத்தி ஒரு கேள்வி கேட்ட முதல் ஆளு இவன்தான். விடுவாளா? மேகத்தோட தலையிலேர்ந்து ஆரம்பிச்சிருக்கா. வளையம் வெளியே ஓடற வரைக்கும் சொல்லி முடிக்கும்போது அவனுக்குப் பசி. பழைய சோத்துப் பானையைத் தொறந்திருக்கா. நார்த்தங்காய் ஊறுகாயை எடுத்து வெச்சுட்டு, பூனாவுக்கு வர்றதா இருந்தா சாப்பிடுங்க, இல்லன்னா வாழைப்பழம் இருக்குன்னு சொல்லியிருக்கா. கம்ப்யூட்டரை எங்க வெச்சாலும் வேலை நடக்கும்னுட்டு சாப்பிட்டிருக்கான். ரெண்டு தரம் போட்டுக்கிட்டானாம்.

நான் பூஜை ரூம்ல உக்காந்து உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டிருக்கேன், எனக்குப் பத்தடி தள்ளி, நான் தூண்டில் போட்டுக்கிட்டிருந்த அதே நேரத்துல, எம் பொண்ணு பழைய சோத்தைக் குடுத்து எல்லாத்தையும் முடிச்சுட்டா தம்பி. அதுவும் பழைய சோறு. கருவாட்டுக் குழம்பு கூட இல்ல.

அந்தம்மா அப்படியே உக்காந்துட்டாங்க. அப்புறம், புள்ளையும் போறான்ல, அப்ப எனக்கு மட்டும் என்ன, போடுங்கன்னு இலையை இழுத்துக்கிட்டாங்க. கண்ணுல தண்ணி. வைத்திலிங்கம் அதுக்கப்புறம் யாரையும் பாக்கல. நான் பரிமாறினேன். குழம்பு நல்லா இருக்குன்னாங்க. நல்லா இல்லாம எப்படி இருக்கும். மூணு தரம் கேட்டு வாங்கினாரு அந்த மனுஷன்.

எல்லாரும் சாப்பிட்டு முடிச்சாங்க. சுபாவும் சாப்பிட்டா. நான் பாத்திரத்தை எடுத்துக்கிட்டுக் கொல்லைப் பக்கம் போகப் பாத்தேன். அந்தம்மாதான் கூப்பிட்டாங்க. சம்பந்தி, நீங்க இன்னும் கை நனைக்கலையேன்னாங்க.

கூடமே என்னைப் பாக்குது. சுபா எழுந்து வந்து எனக்கு ஒரு இலையைப் போட்டா. அவளே சோத்தைப் போட்டு, குழம்பை ஊத்தி, பக்கத்துல உக்காந்துக்கிட்டா. நான் மெதுவாக் கேட்டேன். "பூனாவுக்குப் போயிட்டீன்னா எனக்கு யாருடி இருக்கா?" அவளும் மெதுவாச் சொன்னா. "நீயும் வாம்மா. வர மாட்டே, தெரியும். ஆனா தினம் போன் பண்ணுவேன். இப்ப சாப்பிடு."

எவ்வளவு நேரம் அந்த இலை முன்னாடி உக்காந்திருந்தேன்னு எனக்கே தெரியாது. மழை கூடக் கொஞ்சம் விட்டுடுச்சு. மத்தியானத்துக்கு மேல ஆயிடுச்சு இல்ல, விடத்தானே செய்யும்.

சாப்பிட்டேன் தம்பி. என்ன பண்றது. முந்தின நாள்லேர்ந்து இவங்களைக் காவக் காக்கிறதுலயே நானும் ஒரு வாய் சாப்பிடல. பசிக்குத்தான் சாப்பிட்டேன், வெறும் பசிக்கு. அவங்க எல்லாரும் அதைச் சம்மதம்னு எடுத்துக்கிட்டு, தை மாசமே கல்யாணத்தை முடிச்சுட்டாங்க. பொண்ணும் மாப்பிள்ளையும் ரயிலேறிப் போயிட்டாங்க. இப்ப நானும் சௌந்தரவல்லியும்தான் மாத்தி மாத்தி ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போயி உக்காந்து ரெண்டு பேரையும் திட்டிக்கிட்டிருக்கோம். மன்னார்குடி வந்துடுச்சு, எறங்கணும், பையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. நான் இன்னும் சம்மதிக்கல.